காசிமேட்டுக்காரனுக்கு ஒரு பேர் வேணும்: விமானப் பைத்தியங்களும் விமானப்படைக்காரங்களும் பட்டப்பேர் வைக்கிறது எப்படி?

பேர்_இன்னும்_வைக்கல (காசிமேடு) | சனி, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க எழுதுறதையெல்லாம் படிச்சிட்டு இருக்கேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன். ஐஸ் ஃபேக்டரியில கணக்கு எழுதுற வேலை. ஷிஃப்ட் முடிஞ்சதும் மீன்பிடி துறைமுகத்துல அலை தடுக்கக் கொட்டியிருக்கிற பாறை மேல கேமராவோட போய் உட்கார்ந்துடுவேன். உள்ள நுழையும்போது பேர் கேட்டுச்சு. அரை மணி நேரம் யோசிச்சும் ஒண்ணும் சரியா வரல, இப்படியே போட்டுட்டேன்.

நீங்க எல்லாம் எப்படி வெச்சீங்க? ஏர்ஃபோர்ஸ் பைலட்டுங்களுக்கு ஒரு பேர் இருக்குமே, அதை அவங்களே வெச்சுக்குவாங்களா? மனசுல இருக்கிறது: சுகோய் கிங், ஸ்கை டைகர், ஏஸ்_காசிமேடு. எது நல்லா இருக்கு?

கூடவே இன்னைக்குச் சாயந்திரம் எடுத்த படம் ஒண்ணு போட்டிருக்கேன். ஏர்ஃபோர்ஸ் ஆன்டனோவ்-32, கடல் மேல தாழப் பறந்து தெற்கே போச்சு. நான் எடுத்த முதல் மிலிட்டரி விமானம் இதுதான்.

---

ஃபைனல்25 (பழைய வண்ணாரப்பேட்டை) | சனி, இரவு 9:40

வாங்க தம்பி. என் பேரு ஓடுபாதையிலேர்ந்து வந்தது. மீனம்பாக்கத்துல பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில 07, இன்னொரு முனையில 25ன்னு எழுதியிருக்கும். திசையை டிகிரியில எடுத்து, கடைசி சைபரை விட்டுட்டா வர்ற எண் அது. தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்கள்ல விமானம் கடல் பக்கமா வந்து 25ல இறங்கும். சாந்தோம்ல எங்க அத்தை வீட்டு மொட்டை மாடி இருக்கு. ராத்திரி அங்க படுத்தா, கடல் மேல மூணு நாலு விளக்கு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசை கட்டி வர்றது தெரியும். கடைசி நேர் கோட்டுக்கு வந்துட்ட விமானத்தை ஃபைனல்ல இருக்குன்னு சொல்லுவாங்க. எட்டு வயசுல பார்த்தது, இன்னும் கண்ணுலயே நிக்குது.

நிறைய பேர் விமானத்தோட பதிவு எண்ணைப் பேரா வெச்சிருப்பாங்க. நம்ம நாட்டு விமானம்னா விடி-ன்னு ஆரம்பிக்கும், அப்புறம் மூணு எழுத்து. தான் முதல்ல ஏறின விமானம், இல்ல முதல்ல படம் எடுத்த விமானம். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா குத்தகை முடிஞ்சா அந்த விமானம் வேற நாட்டுக்குப் போய் வேற எழுத்து மாட்டிக்கும். இங்கயே ஒருத்தருக்கு அப்படி ஆச்சு, பாவம், ரொம்ப வருத்தப்பட்டாரு.

சுகோய் கிங் வேணாம். அந்தப் பேருல ஏற்கெனவே நாலு பேர் சுத்துறாங்க.

---

ஸ்பீட்பேர்ட்_பெரம்பூர் | சனி, இரவு 10:05

நான் விமானப் பராமரிப்பு படிக்கிறேன், கடைசி வருஷம். அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரியில வெல்டர். அதனால வீட்டுல பேச்செல்லாம் ரயில்தான், நான் மட்டும்தான் வானத்தைப் பார்க்கிற ஆளு.

ஸ்பீட்பேர்ட்ங்கிறது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்கள் ரேடியோவுல சொல்ற பேரு. 1932ல இம்பீரியல் ஏர்வேஸுக்காக ஒரு பறவைச் சின்னம் வரைஞ்சாங்க, அந்தச் சின்னத்தோட பேருதான் பிற்பாடு அழைப்புப் பேரா ஆச்சு. கம்பெனி மாறுச்சு, பேரு மாறல. இண்டிகோவைக் கண்ட்ரோல் டவர்ல 'ஐஃப்ளை'ன்னு கூப்பிடுவாங்க. தைவானோட சைனா ஏர்லைன்ஸுக்கு 'டைனஸ்டி', அயர்லாந்தோட ஏர் லிங்கஸுக்கு 'ஷாம்ராக்', தென்னாப்பிரிக்காக்காரங்களுக்கு 'ஸ்பிரிங்பாக்'. இரைச்சல்லயும் தெளிவாக் கேட்கணும், இன்னொரு பேரோட குழம்பக் கூடாது, அதுக்காகப் பார்த்துப் பார்த்து வெச்ச பேருங்க.

அழகா இருக்குன்னுதான் எடுத்துக்கிட்டேன். ஆனா ஒரு சங்கடம் இருக்கு. மாசத்துக்கு ஒருத்தராவது 'மேடம், லண்டன் டிக்கெட்டுல சலுகை கிடைக்குமா'ன்னு தனிச் செய்தி அனுப்பிடுறாங்க. அடுத்தவங்க பேரை எடுத்தா அவங்க சார்பா பதில் சொல்ற வேலையும் நம்ம தலையில விழும். நீங்க வெக்கிறதுக்கு முன்னாடி இதை யோசிச்சுக்குங்க.

---

விங்கமாண்டர்_வியாசை (வியாசர்பாடி) | சனி, இரவு 10:31

தலைவா, யோசிக்காம ஏஸ்னே வையி. நம்ம பேரு, நம்ம இஷ்டம். நான் கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் ஓட்டுறேன், எங்க குழுவுல பதினாறு பேர். முந்நூறு மணி நேரம் ஓட்டினவனுக்கு இந்த ரேங்க் குடுப்பாங்க. சும்மா வந்தது இல்ல, ராத்திரி ராத்திரியா கண்ணு முழிச்சு வாங்கினது.

---

லாக்வயர் (தண்டையார்பேட்டை) | ஞாயிறு, காலை 6:20

தம்பிகளுக்கும் மகளுக்கும் காலை வணக்கம். விமானப்படையில் இருபது வருடத்துக்கு மேல் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த யூனிட், எந்த ஊர் என்று எழுதுவதில்லை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

வியாசை தம்பி, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். உங்கள் குழுவுக்குள் அந்த ரேங்க் இருக்கட்டும், உழைத்து வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் இங்கே பெற்றோர்கள் வந்து பிள்ளைகளுக்குத் தேர்வு பற்றிக் கேட்கிறார்கள். விங் கமாண்டர் என்று பெயரில் பார்த்தால், பதில் சொல்கிறவர் நிஜமான அதிகாரி என்று நம்பிவிடுவார்கள். போன மாதம் ஓர் அம்மா உங்களை 'சார், என் பையனுக்குக் கண்ணாடி இருக்கு, எடுப்பாங்களா' என்று கேட்டார். நீங்களும் நல்ல மனதோடு பதில் சொன்னீர்கள், ஆனால் அது தவறான பதில். நான்தான் திருத்தினேன். அதிலிருந்தே இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

இப்போது காசிமேட்டுத் தம்பிக்கு. யூனிட்டில் தன் பேரைத் தானே வைத்துக்கொண்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. மற்றவர்கள்தான் வைப்பார்கள். பாதி, குடும்பப் பெயரைச் சுருக்கி வரும். 2025 ஜூன் 25 அன்று விண்வெளிக்குக் கிளம்பிய குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லாவை 'ஷக்ஸ்' என்பார்கள், சுக்லாவிலிருந்து வந்தது. மீதிப் பாதி, நாம் செய்த ஏதாவது ஒன்றிலிருந்து வரும். பெரும்பாலும் தப்பிலிருந்து.

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே நாட் என்ற சின்னப் போர் விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே போன நிர்மல் ஜித் சிங் சேகோனை எல்லோருக்கும் தெரியும். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவரை ஸ்குவாட்ரனில் 'பிரதர்' என்று கூப்பிட்டார்கள். யாரைப் பார்த்தாலும் பிரதர் என்றுதான் அழைப்பாராம், அதுவே அவர் பெயராகிவிட்டது. அன்று அவருக்கு முன்னால் கிளம்பியவர் குமன், அவருக்கு 'ஜி-மேன்'. அந்த இரண்டு பெயரிலும் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை.

என் கதை. பயிற்சி முடித்து விமான வரிசைக்குப் போன முதல் வாரம். போல்ட் கழன்றுவிடாமல் இருக்க மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டுவோம், அதுதான் லாக்கிங் வயர். ஓர் அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறுக்கு விழ வேண்டும். கம்பி, போல்ட்டை இறுகும் பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். நான் முறுக்கெல்லாம் அச்சடித்த மாதிரி போட்டுவிட்டு, கழலும் பக்கமாகக் கட்டி வைத்திருந்தேன். எங்கள் வாரண்ட் ஆபீசர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கட்டர் எடுத்து அத்தனையையும் வெட்டிப் போட்டுவிட்டு, 'இப்போ கட்டு' என்றார். டிசம்பர் மாதம், வடக்கில் ஓர் ஊர், விரல் மரத்துப் போகிற குளிர். கட்டி முடிக்க நள்ளிரவு ஆனது. மறுநாள் காலை மெஸ்ஸில் டீ வாங்கப் போனால் 'வாடா லாக்வயர்' என்றார்கள். அதற்குப் பிறகு என் கையிலிருந்து ஒரு கம்பிகூடத் தப்பாகப் போனதில்லை. அந்தப் பெயர் விடவில்லை.

உங்கள் படத்தைப் போனில்தான் பார்த்தேன், சின்னதாகத் தெரிகிறது. கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

---

விங்கமாண்டர்_வியாசை | ஞாயிறு, காலை 8:02

அண்ணே, அந்த அம்மா விஷயம் எனக்கு உறைச்சிடுச்சு. நல்லது செய்றோம்னுதான் நெனச்சேன். பேரை மாத்திடுறேன், ரெண்டு நாள் டைம் குடுங்க.

---

எம்டன்_திருவொற்றியூர் | ஞாயிறு, காலை 9:15

நல்ல இழை. என் பேரு விமானம் இல்லை, கப்பல். ஆனாலும் இந்தப் பேச்சுக்குப் பொருந்தும்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் நம்ம துறைமுகத்துக்கு எதிர்ல வந்து நின்னு குண்டு போட்டுச்சு. பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிங்க பத்திக்கிட்டு எரிஞ்சது. அரை மணி நேரத்துல வேலையை முடிச்சிட்டு இருட்டுல கரைஞ்சிடுச்சு. ஊரே பெட்டி கட்டிட்டு ஓடின காலம் அது. அப்புறம் என்ன ஆச்சு? யாருக்கும் அடங்காதவனை, எப்ப வருவான் எப்ப போவான்னு தெரியாதவனை 'அவன் சரியான எம்டன்'னு சொல்ல ஆரம்பிச்சாங்க. எங்க ஆயா என்னை அப்படித்தான் கூப்பிடும். ஆயாவுக்கு ஜெர்மனி எங்க இருக்குன்னே தெரியாது. ஜெர்மனியில இருக்கிற ஒரு ஊரோட பேரு நம்ம தெருவுல திட்டாவும் செல்லமாவும் நூறு வருஷத்துக்கு மேல ஓடுது.

லாக்வயர் அண்ணன் சொன்னது பழைய காலத்துக்கும் பொருந்தும். இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டன் பக்கம் பறந்த அடால்ஃப் மாலனுக்கு 'செய்லர்'னு பேரு, பைலட் ஆகுறதுக்கு முன்னாடி வணிகக் கப்பல்ல வேலை பார்த்தவர். துறைமுகத்துக்காரங்களுக்குப் பிடிக்கிற பேரு. ரெண்டு காலும் இல்லாம சண்டை விமானம் ஓட்டின டக்ளஸ் பேடருக்கு ரேடியோவுல 'டாக்ஸ்பாடி'. அவரோட விமானத்துல எழுதியிருந்த டி, பி ரெண்டு முதலெழுத்துலேர்ந்து வந்தது. எடுபிடின்னு அர்த்தம். ஒரு தலைவனுக்கு அந்தப் பேரு!

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜான் கன்னிங்ஹாம்னு ஒருத்தர், ராத்திரி இருட்டுல எதிரி விமானங்களைத் தேடிப் பிடிச்சு வீழ்த்தினவர். பத்திரிகைங்க அவருக்கு 'பூனைக்கண்'னு பேரு வெச்சுது. கேரட் நிறைய சாப்பிடுறார், அதான் இருட்டுலயும் கண்ணு தெரியுதுன்னு பரப்பினாங்க. உண்மையில விமானத்துக்குள்ளயே ரேடார் வெச்சிருந்தாங்க. அது வெளிய தெரியக் கூடாதுன்னு கட்டின கதை. இன்னைக்கும் நம்ம வீட்டுல 'கேரட் சாப்பிடு, கண்ணுக்கு நல்லது'ன்னு சொல்றப்ப எனக்கு அந்த ஆளு ஞாபகம்தான் வரும். அவருக்கே அந்தப் பட்டம் பிடிக்காதாம்.

நம்ம ஆளுங்கள்ல, கருண் கிருஷ்ண மஜும்தாரை 'ஜம்போ'ன்னு கூப்பிட்டாங்க. பர்மா சண்டையில 1ஆம் ஸ்குவாட்ரனை நடத்தினவர். 1948 மே மாசம் டகோட்டா சரக்கு விமானத்துல லடாக்குல இருக்கிற லேயில போய் இறங்கின மெஹர் சிங்கை 'மெஹர் பாபா'ன்னு சொன்னாங்க. சரியான ஓடுபாதை இல்ல, போறதுக்கு வழிகாட்டும் வரைபடம் இல்ல. அப்படிப்பட்ட ஆளைப் பாபான்னு கூப்பிட்டதுல எவ்வளவு மரியாதை இருந்திருக்கும்! 2018ல விமானப்படை ட்ரோன் கூட்டத்துக்கு ஒரு போட்டி நடத்தினப்ப அவர் பேரைத்தான் வெச்சாங்க.

---

பேர்_இன்னும்_வைக்கல | ஞாயிறு, மதியம் 1:48

படிச்சிட்டே இருந்தேன், சோறு ஆறிப்போச்சு. ஏஸ், கிங் எல்லாத்தையும் மனசுலேர்ந்து எடுத்துட்டேன்.

பறவைப் பேரு வெக்கலாமா? கடற்படை விமானத் தளத்துக்கெல்லாம் பறவைப் பேருதானே. அரக்கோணத்துல ராஜாளி, உச்சிப்புளியில பருந்து. எங்க துறைமுகத்துல மீன் கழிவுக்கு வட்டம் போடுற பருந்தைப் பார்த்துத்தான் விமானம் பார்க்கவே ஆரம்பிச்சேன்.

---

ஃபைனல்25 | ஞாயிறு, மதியம் 2:10

ராஜாளி இங்க மூணு பேர் இருக்காங்க. ஒருத்தருக்குப் பதில் எழுதினா மூணு பேருக்கும் அறிவிப்பு போகுது. பருந்து காலியாத்தான் இருக்கு.

---

விங்கமாண்டர்_வியாசை | ஞாயிறு, மதியம் 2:26

நான் எனக்கு யோசிச்சது: மாஞ்சா. சின்ன வயசுல எங்க ஏரியாவுல காத்தாடி டீல்ல என்னைத் தோற்கடிக்க ஆள் கிடையாது.

---

ஸ்பீட்பேர்ட்_பெரம்பூர் | ஞாயிறு, மதியம் 2:41

அண்ணா, அது மட்டும் வேணாம். மாஞ்சா நூல் கழுத்துல பட்டு உயிர் போனவங்க இந்த ஊர்ல இருக்காங்க. எங்க தெருவுல வண்டியில போன ஒரு அண்ணனுக்குக் கன்னம் கிழிஞ்சு தையல் போட்டாங்க, தழும்பு இன்னும் இருக்கு. தடை பண்ணினது நல்லதுக்குத்தான்.

காத்தாடியிலேர்ந்தே வேணும்னா 'சூத்திரம்'னு வைங்க. காத்தாடி நேரா ஏறுறதும் தலைகீழா குத்துறதும், குச்சியில நூலைக் கோத்துச் சூத்திரம் கட்டுறதுலதான் இருக்கு. நான் படிக்கிற பாடத்துல இறக்கை காத்தை எந்தக் கோணத்துல வெட்டணும்னு பக்கம் பக்கமா வருது. அதை முதல்ல எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க அண்ணன் கட்டின சூத்திரம்தான். அதுவும் நம்ம மொழியில காத்தாடிக்கும் பட்டம்னுதான் பேரு, பேருக்கு முன்னாடி போடுறதும் பட்டம்தான். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

---

சூத்திரம்_வியாசை | ஞாயிறு, மதியம் 3:05

மாத்தியாச்சு. நன்றிம்மா.

---

லாக்வயர் | ஞாயிறு, மாலை 5:30

காசிமேட்டுத் தம்பி, பேரன் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். நல்ல படம், வெளிச்சம் அருமை. ஆனால் அது ஆன்டனோவ்-32 இல்லை. டார்னியர்-228. கடலோரக் காவல்படையுடையதாக இருக்க வேண்டும், அவர்கள் நம் கடற்கரை ஓரமாக அடிக்கடி ரோந்து போவார்கள்.

இரண்டிலும் இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், இரண்டு என்ஜின் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் குழம்பும்தான். அடுத்த முறை என்ஜினைப் பாருங்கள். ஆன்டனோவில் என்ஜின் இறக்கையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதன் ப்ரொப்பெல்லர் அவ்வளவு பெரிது, கீழே வைத்தால் இடம் போதாது. டார்னியரில் என்ஜின் இறக்கையோடு ஒட்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், மூக்கு கூராக இருக்கும், வயிற்றில் சக்கரம் மடங்கி உட்காரும் இடம் உப்பலாகத் தெரியும். ஆன்டனோவின் இறக்கை நுனிக்கு நுனி 29 மீட்டர், டார்னியர் 17 மீட்டர்தான்.

---

சூத்திரம்_வியாசை | ஞாயிறு, மாலை 5:44

அப்போ பேரு வந்துடுச்சே! லாக்வயர் அண்ணன் சொன்ன முறைப்படி, தப்புலேர்ந்து வந்த பேரு. ஆன்டனோவ்-32க்கு நம்ம ஏர்ஃபோர்ஸ் வெச்ச பேரு சட்லஜ். மிராஜுக்கு வஜ்ரா, ஜாகுவாருக்கு ஷம்ஷேர், இலியூஷின்-76க்கு கஜ்ராஜ் மாதிரி. டார்னியரைப் பார்த்து ஆன்டனோவ்னு சொன்ன தம்பிக்கு சட்லஜ். எல்லாரும் கை தூக்குங்க.

---

ஃபைனல்25 | ஞாயிறு, மாலை 5:50

என் கை மேலதான்.

---

ஸ்பீட்பேர்ட்_பெரம்பூர் | ஞாயிறு, மாலை 5:52

என்னுதும்.

---

லாக்வயர் | ஞாயிறு, இரவு 8:37

கொஞ்சம் பொறுங்கள், பிள்ளைகளே. அரை மணி நேரம் எழுதலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன்.

2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஆன்டனோவ்-32 ஒன்று வங்கக் கடல் மேல் காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பல், விமானம் எல்லாம் வைத்து மாதக்கணக்கில் தேடினார்கள், ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏழு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 2024 ஜனவரியில்தான் தெரிந்தது. சென்னையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கருவி, 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவுகளைப் படம் எடுத்திருந்தது.

நான் என் காலத்தில் அந்த வகை விமானத்தில்தான் வேலை பார்த்தேன். கம்பி கட்டிய கதை சொன்னேனே, அதுவும் அந்த வகைதான். செய்தி வந்த நாளில் நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். காலையிலிருந்து ராத்திரி வரை டிவி முன்னாலேயே இருந்தேன், சாப்பாடு இறங்கவில்லை. அந்த விமானத்தைத் தொட்டவனா இல்லையா என்பது வேறு விஷயம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

விளையாட்டாக வைக்கக் கூடாது என்று தடுக்க வரவில்லை. பட்டப்பேர் விளையாட்டாகத்தான் வரும். ஆனால் நம் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பேரை வைத்துக்கொள்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகும் வேண்டும் என்றால் தம்பியே சொல்லட்டும்.

---

எம்டன்_திருவொற்றியூர் | ஞாயிறு, இரவு 9:10

அண்ணே, எழுதினதுக்கு நன்றி. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல, தம்பியோட முடிவு.

---

பேர்_இன்னும்_வைக்கல | ஞாயிறு, இரவு 11:26

ஐயா, எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கு. ஒன்பதாவது படிச்சிட்டு இருந்தேன். மாமா அப்ப விசைப்படகுல போயிட்டு இருந்தாரு. கரைக்கு வந்து வலை காய வைக்கும்போது, 'வழியெல்லாம் கோஸ்ட் கார்டு கப்பல்டா, தண்ணியையே பார்த்துக்கிட்டு மெதுவாப் போவுது'ன்னு சொன்னாரு. கடலுக்குப் போனவங்க திரும்பலேன்னா எப்படி இருக்கும்னு எங்க தெருவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. அன்னைக்கு ராத்திரி எங்க அம்மா அந்த 29 வீட்டுக்கும் சேர்த்து விளக்கு ஏத்துச்சு. அம்மாவுக்கு அவங்க யாருன்னு தெரியாது.

அதுக்கப்புறம்தான் நான் மேல பார்க்க ஆரம்பிச்சேன். பருந்துன்னு மதியம் சொன்னேன், அதுவும் உண்மைதான், ஆனா முழு உண்மை இது. ரெண்டு என்ஜின் வெச்ச மிலிட்டரி விமானம் எது போனாலும் என் மனசு ஆன்டனோவ்னுதான் சொல்லும். அந்தப் படத்துக்குத் தப்பா எழுதினது அதனாலதான்னு இப்பதான் புரியுது.

எனக்கு அந்தப் பேரு வேணும் ஐயா. நானா எடுத்துக்க மாட்டேன். நீங்க குடுத்தா வெச்சுக்கிறேன்.

---

லாக்வயர் | திங்கள், காலை 5:58

குடுத்தேன். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

ஒரு வேலை மட்டும். படம் எடுப்பதற்கு முன்னால் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேளுங்கள். ஆன்டனோவ் வந்தால் நெஞ்சுக்குள் அதிரும், டார்னியர் காதில் மட்டும் இரையும். பத்து முறை கேட்டால் பிடிபட்டுவிடும்.

---

சட்லஜ்_காசிமேடு | திங்கள், மாலை 6:14

4:40க்கு ஒண்ணு வந்துச்சு. எண்ணூர்ப் பக்கமா வந்து துறைமுகத்துக்கு நேரா வெளியே தெற்கே போச்சு. கேமராவை மடியில வெச்சிட்டு முதல்ல கண்ணை மூடினேன். காதுல மட்டும்தான் இரைஞ்சுது. கண்ணைத் திறந்து பார்த்தேன், கூர் மூக்கு, என்ஜின் இறக்கையோட ஒட்டி இருக்கு, வயிறு உப்பல்.

டார்னியர். படம் கீழே.